போட்டவன் எடுக்கணும்

காலை ஆறு மணிக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் மணி அடிக்கும். மணி என்றதும் கோயில் மணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ரயில் தண்டவாளத்தில் வெட்டிய ஒரு துண்டைப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். காவல்காரன் இரும்புக் கம்பியால் அதை ஓங்கி அடித்தால் பாலாற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவனுக்கும் கேட்கும். ஆம்பூரில் அந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தார்கள், அந்தச் சத்தத்துக்குத்தான் கூழ் குடித்தார்கள். அமிர்தவள்ளிக்கு மட்டும் அது ஆகாத சத்தம். மணி அடித்ததும் அவளுடைய நைனாவும் எழுந்துவிடுவார்.

நைனா பெருமாளுக்கு எழுபது வயதுக்கு மேல். நாற்பது வருஷம் அந்த ஷாப்பிலேயே சுண்ணாம்புக் குழி ஆளாக இருந்தவர். இப்போது புத்தி கலங்கிவிட்டது. பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரு தாயி, எந்த ஊரு?" என்று கேட்பார். அவள் கிண்டிப் போட்ட களியை ஒரு கவளம் விடாமல் தின்றுவிட்டு, "இந்த வூட்டுக்காரம்மா தங்கமானவங்க" என்று அவளிடமே நல்ல பேர் சொல்லுவார். வேட்டியிலேயே போய்விடுவார். அதையும் அந்தத் தங்கமான வீட்டுக்காரம்மாதான் அலசிப் போட வேண்டும். மற்றதெல்லாம் மறந்த மனுஷனுக்கு ஷாப்பு மட்டும் மறக்கவில்லை. அதுதான் பெரிய ரோதனை.

ஏன் மறக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பச்சை ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு எட்டாம் நாள் எடுப்பார்கள். அப்போதுதான் மயிர் உதிரும். ஒரு நாள் கம்மியானால் மயிர் வராது, ஒரு நாள் ஜாஸ்தியானால் தோல் வெந்து தொளதொளத்துப் போகும். எவ்வளவு சுண்ணாம்பு கரைத்தோம் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். ஆகையால் போட்டவன்தான் எடுக்க வேண்டும் என்பது ஷாப்பில் சட்டம். முதலாளி மாறினாலும் மேஸ்திரி மாறினாலும் அந்தச் சட்டம் மாறாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பெருமாள் ஒரு குழி நிறையத் தோல் போட்டார். புதன்கிழமை முதலாளி ரஷீத் அஹமது சாயபு அவரைக் கூப்பிட்டு, கண் மங்கிவிட்டது பெரியவரே என்று ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தத் தோலை வேறு யாரோ எடுத்தார்கள். அது பதமாகி, சென்னப்பட்டணம் போய், கப்பலேறி, எந்தத் துரை காலிலோ பூட்ஸாகித் தேய்ந்துகூடப் போயிருக்கும். பெருமாளுக்கு மட்டும் அது இன்னும் குழியிலேயே கிடந்தது.

"தோல் வெந்து பூடும்மா. எட்டு நாளாச்சி. போட்டது நானு, நான் போய் எடுக்காங்காட்டி எவன் எடுப்பான்?"

மணி அடிக்கிற போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு எழுந்து நடப்பார். காலை மணி, பத்து மணிக் கூழ் மணி, மத்தியான மணி, சாயங்கால மணி. நாளைக்கு நாலு தபா.

அமிர்தவள்ளியின் புருஷன் ஆதிகேசவன் வண்டிக்காரன். ஆலங்காயத்து மலையடிவாரத்திலிருந்து தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வருகிறவன். பத்து நாளைக்கு ஒரு தரம் வந்து, ஒரு ராத்திரி படுத்துவிட்டு, மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டு போய்விடுவான். அவன்மேல் குறை சொல்ல முடியாது, அவன் பாடு அவனுக்கு. கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போன அண்ணனுக்கு மூன்று கார்டு எழுதிப் போட்டாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவன்மேல் தாராளமாகக் குறை சொல்லலாம். ஆக, ஒன்பது வயசுப் பெண் பச்சையம்மா, ரெண்டு வயசுப் பையன் முனுசாமி, நைனா, மூன்றும் அவள் தலையில்தான்.

கோழி கூவும்போது எழுந்து ஆற்றுக்குப் போவாள். பங்குனி வெயிலில் பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும். முழங்கை ஆழம் தோண்டி, ஊற்றுத் தண்ணீர் சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியால் மொண்டு ரெண்டு குடம் நிரப்புவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். வந்து கூழைக் கரைத்து வைத்து, நைனாவைக் கழுவிவிட்டு, பையனுக்குப் பால் கொடுத்து, பெண்ணுக்குத் தலை சீவி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பையனையும் நைனாவையும் கொண்டுபோய்ப் பக்கத்துச் சந்தில் பீடி சுற்றும் தில்ஷாத்திடம் விடுவாள். தில்ஷாத் வயசில் மூத்தவள், அமிர்தம் அவளை ஆப்பா என்று சாயபுமார் வீட்டு முறையிலேயே அக்காவாகக் கூப்பிடுவாள். விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக ஷாப்புக்குப் போனால், பட்டைக் கொட்டகையில் உலக்கை காத்திருக்கும். பூண் போட்ட உலக்கையால் பொழுது சாயும் வரை ஆவாரம்பட்டை இடிக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறி, எச்சில் துப்பினால் செம்பழுப்பாக வரும். தோள்பட்டை இரண்டும் அவளுடையவையே இல்லை என்று தோன்றும்.

அந்தப் பங்குனியில் ஒரு புதன்கிழமை கூழ் மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். குழிப் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். மூன்றாம் குழி விளிம்பில் நைனா நிற்கிறார். தோள்மேல் முனுசாமி உட்கார்ந்து தாத்தாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். கீழே ஆள் ஆழத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. நைனா குனிந்து குனிந்து உள்ளே பார்க்கிறார். அவர் குனிகிறபோதெல்லாம் பையனும் முன்னால் சாய்கிறான்.

மேஸ்திரி வேலாயுதம் பின்னாலிருந்து வந்து கிழவரின் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தான். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பையனை அமிர்தம் பிடுங்கிக்கொண்டாள். ஷாப்பு வாசலில் தில்ஷாத் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். உள்ளே ஆம்பிளைக் கூட்டம், வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"யா அல்லா! இலை நறுக்க உள்ளாற போனேன் அமிர்தா, கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ளாற பச்சாவை, உன் புள்ளையைத் தூக்கினு பூட்டாரு!"

வேலாயுதம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் பயந்துபோன மனுஷன், பயம் எல்லாம் கோபமாக வந்தது.

"இன்னா அமிர்தம் இது? இது எத்தினாவது தபா? புள்ளை உள்ளாற வுழுந்திருந்தா தோல் உரிஞ்சி பூட்டிருக்கும், தெரியுமில்ல? சாயபு காதுக்குப் போனா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"தப்புதான் மேஸ்திரி. இனிமே வுட மாட்டேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னே. சீமையில தோலுக்கு வெலை இல்லைன்னு பக்கத்து ஷாப்புல பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. இங்க யாரை நிறுத்தலாம்னு பார்த்துகினு கீறாங்க. இன்னொரு தபா உங்க நைனா இந்த வாசப்படி மிதிச்சாரு, நீயும் மிதிக்காதே. சொல்லிட்டேன்."

இவ்வளவும் நடக்கும்போது பெருமாள் கீழே உட்கார்ந்தபடி, "மூணாங்குழியில இல்லைப்பா. எந்தக் குழியில போட்டேன்னு தெரியலியே" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தில்ஷாத் வீட்டு வாசலில் அமிர்தம் உட்கார்ந்தாள். தில்ஷாத் முறத்தில் பீடி இலையை நனைத்துப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"என் மேல கோவமா?"

"உன் மேல கோவப்பட்டா எனக்கு வாய் அழுவிப்பூடும் ஆப்பா. நீ இல்லைன்னா நான் இன்னிக்கு ஏது?"

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பச்சையைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திடு. பொண்ணு கெட்டிக்காரி, தாத்தாவை ஒரு எட்டு நகரவுட மாட்டா. மூணாங்கிளாசு படிச்சாப் போதாதா? நாம இன்னா படிச்சோம்?"

"நாம படிக்காம இருந்த அழகைத்தான் பார்க்கறியே" என்றாள் அமிர்தம். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அமிர்தத்துக்கு அழுகை வந்தது. பச்சையம்மா நன்றாகப் படிக்கிறவள். அம்மா உலக்கை பிடிக்கிற கையோடு இந்தப் பாடு போய்விடட்டும், இவள் டீச்சரம்மா மாதிரி குடை பிடித்துக்கொண்டு போகட்டும் என்பது அமிர்தம் யாரிடமும் சொல்லாத ஆசை. அவளுக்கென்று இருந்த ஆசையே அது ஒன்றுதான்.

வேறு வழி? நைனாவைக் கட்டிப் போடலாம். ஒரு நாள் கட்டியும் போட்டாள். கயிற்றை அவிழ்க்கும்போது கணுக்காலில் பார்த்த சிவந்த தடத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

வீட்டுக்கு வந்து களி கிண்டி, முருங்கைக்கீரைக் குழம்பை ஊற்றி மூன்று பேருக்கும் வைத்தாள். நைனா களியை உருட்டி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே பெண்ணிடம் சொன்னாள்.

"பச்சே, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போவ வாணாம். தாத்தாவைப் பார்த்துக்கணும்."

பெண்ணின் கை தட்டிலேயே நின்றது. "எத்தினி நாளைக்கிம்மா?"

"தாத்தா இருக்கிற வரைக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பெண் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அமிர்தத்துக்குப் புரிந்தது. தெரியாதா என்ன, இந்த ஆறு மாசமாக அதே மாதிரி அவளும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? இது போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஆற்று மணலில் ஊற்று தோண்டும்போது எத்தனை நாள் நினைத்திருக்கிறாள். நினைத்துவிட்டு, பாவி பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, அன்றைக்கு நைனாவுக்கு ஒரு துண்டு கருவாடு கூடச் சேர்த்து வைப்பாள். இப்போது அந்த நினைப்பைப் பெண்ணுக்கும் ஊட்டிவிட்டாளே. பச்சையம்மா அழவில்லை. எழுந்து போய்ச் சிலேட்டை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். பானை எப்போதும் காலிதான்.

வியாழக்கிழமை ஷாப்புக்கு நைனா வரவில்லை. நாலு மணியும் அடித்தது, நாலு தடவையும் அமிர்தம் உலக்கையை நிறுத்தி வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ பட்டையைக் கண்மண் தெரியாமல் இடித்தாள். பக்கத்தில் இடிக்கிறவள், "உரலை உடைச்சிடாதேடி" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பெண் வாசலில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் நகக் கீறல்.

"தாத்தா பிறாண்டிட்டாரா?"

"மணி அடிச்சா தள்ளினு ஓடறாரும்மா. நான் காலைக் கட்டிப் புடிச்சிக்கினேன்." பெண் கீறலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் கேட்டேன். ஏன் தாத்தா, அந்தத் தோலை எடுத்துட்டா அப்புறம் வூட்லயே இருப்பியான்னு. அதுக்கு, 'எடுத்துட்டா அப்புறம் எனக்கு அங்க இன்னா வேலை?'ன்னாரு."

அமிர்தம் குடத்தை இறக்கி வைத்தாள். நாலு வருஷமாக அவள் நைனாவிடம், குழியில் தோல் இல்லை, வேலை போய்விட்டது, உங்களுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயபு ஷாப்பு என்பதால் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். மணி அடிக்காது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நைனா வெயில் ஏறும் வரை தூங்குவார். அமிர்தமும் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, துணி துவைத்து, மத்தியானம் ஒரு நாழிகை காலை நீட்டிப் படுப்பாள். அந்த ஒரு நாழிகைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருப்பாள் என்றுகூடச் சொல்லலாம். அன்றைக்கு அதை விட்டுவிட்டு நைனாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஷாப்புக்குப் போனாள். வெள்ளிக்கிழமையானாலும் குழிகளைக் கிளறிவிட வேலாயுதம் வந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் அவர்களைக் கண்டதும் வேலாயுதத்துக்குக் கோபம் ஏறிவிட்டது.

"உனக்கு இன்னா தைரியம்! நேத்து இல்லாட்டி முந்தாநாள் சொன்னேன்..."

"ஒரே ஒரு தபா மேஸ்திரி. ஒரு குழியில இருந்து நைனா தோல் எடுக்கணும். எடுத்துட்டா அவரு மனசு அடங்கிப்பூடும். என் பொண்ணு சிலேட்டைப் பானைக்குள்ளாற வெச்சி மூடிட்டா மேஸ்திரி. அதை என்னால தாங்க முடியலை."

வேலாயுதம் அவளையும் பார்த்தான், பனியன்கூட இல்லாமல் வெயிலில் கண்ணைச் சுருக்கி நிற்கும் கிழவரையும் பார்த்தான்.

"என் வூட்லயும் ஒண்ணு கெடக்குது" என்றான். "எங்கம்மா. என்னை அவங்க தம்பின்னு நெனைச்சிகினு, நெலத்தைப் பிரிச்சிக் குடுன்னு டெய்லி சண்டை போடுது. நெலமே இல்லை எங்களுக்கு." பெருமூச்சு விட்டான். "வா. பின்னால பழைய குழி ஒண்ணு கீது. வஜ்ரப் பசை காய்ச்சறவனுக்குப் போற கழிசல் தோலு. கெட்டாலும் யாரும் கேக்க மாட்டான்."

பழைய குழியருகே போனதும் நைனா ஆளே மாறிவிட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். கேட்காமலே கை நீட்டினார். வேலாயுதம் நீளக் கொக்கியை அதில் வைத்தான். கண் மங்கின மனுஷன் கொக்கியை உள்ளே விட்டுத் துழாவி, ஒவ்வொரு தோலாக இழுத்து மேட்டில் போட்டார். வேலாயுதம் அவர் இடுப்பு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றான். ஒவ்வொன்றையும் நைனா கட்டைவிரலால் அழுத்தி, மயிரைப் பிடுங்கிப் பார்த்தார். "சரியா இருக்குது... இதுவும் சரியா இருக்குது" என்று வாய் முணுமுணுத்தது. பதினாலு தோல். கடைசித் தோலை எடுத்துப் போட்டுவிட்டுக் கொக்கியைச் சுவரில் சார்த்தினார்.

"அப்பாடா" என்றார்.

அமிர்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடிந்தது. நாலு வருஷத்துப் பேஜார் முடிந்தது. "வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள்.

நைனா நகரவில்லை. "புதுத் தோல் எங்கடா?" என்றார் வேலாயுதத்திடம்.

"புதுத் தோலா?"

"குழியைக் காலியா வுட்டுட்டா வூட்டுக்குப் போறது? சுண்ணாம்பு செத்துப்பூடும்டா. எவன்டா உன்னை மேஸ்திரி ஆக்கினது?"

வேலாயுதம் அமிர்தத்தைப் பார்த்தான். அமிர்தம் வேலாயுதத்தைப் பார்த்தாள். குழி காலியாக இருக்கக் கூடாது. எடுத்தவன் போட்டுவிட்டுத்தான் கையைக் கழுவ வேண்டும். ஷாப்புக்குள் நுழைந்த முதல் நாள் சொல்லித் தருகிற விஷயம். பதினைஞ்சு வருஷம் அங்கேயே கிடந்த ரெண்டு பேருக்கும் அது தோன்றாமல் போயிற்றே! எடுத்தால் போட வேண்டும், போட்டால் எட்டாம் நாள் எடுக்க வேண்டும். வேலாயுதம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, குடுத்துத் தொலைங்க" என்றாள்.

நைனா சுண்ணாம்பு கரைத்து, கழிசல் தோல் பன்னிரண்டைப் போட்டு, கொக்கியால் அமுக்கிவிட்டுக் கையைக் கழுவினார். வழியெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை மணி அடித்தது. அமிர்தம் குடத்தோடு வாசலிலேயே நின்றாள். நைனா எழுந்து உட்கார்ந்தார். தலையைச் சொறிந்தார்.

"நேத்துதானே போட்டேன்? இன்னும் ஆறு நாளு கெடக்குதே" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

பச்சையம்மா பானையிலிருந்து சிலேட்டை எடுத்தாள். போகிறதுக்கு முன்னால் ஒரு கரித்துண்டை எடுத்துத் தில்ஷாத் வீட்டுச் சுவரில் ஆறு கோடு போட்டாள். "ஆப்பா, மணி அடிச்சா தாத்தா கையை இதுல வெச்சி எண்ணச் சொல்லு. தினம் சாயங்காலம் நான் ஒண்ணு அழிக்கிறேன்" என்றாள். தில்ஷாத், "சுவரு போச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாளே தவிர, மணி அடித்தபோதெல்லாம் கிழவரைக் கூப்பிட்டு எண்ண வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு தரம் தெருக்கோடி வரை போய்விட்டார். இழுத்துக்கொண்டு வந்து சுவரைத் தடவிக் காட்டியதும், "மூணு பாக்கி இருக்குது, எனக்கு இன்னா அவசரம்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.

இப்படியாக அந்த வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை வந்தது. பொழுது விடியும்போதே நைனா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தில்ஷாத் வீட்டுச் சுவரில் கோடு இல்லை.

அமிர்தத்துக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. பையனுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். துவைக்காத துணி மூட்டையாகக் கிடந்தது, பெண்ணின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவளுக்கென்று வாரத்தில் இருந்த ஒரே நாழிகையும் இனிமேல் குழிக்குத்தான். இந்த வெள்ளி, அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளைத் தில்ஷாத்திடம் விட்டுவிட்டு நைனாவின் கையைப் பிடித்து நடந்தாள்.

பழைய குழியருகே பட்டை மூட்டை ஒன்று நிழலில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தாள். வேலாயுதம் நைனாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், நைனா கொக்கியை உள்ளே விட்டார். தண்ணீர் சளப் சளப்பென்று சத்தம் கேட்டது. சுண்ணாம்பு நாற்றமும் தோல் நாற்றமும் குமட்டுகிற அந்த இடத்தில், எப்போது சாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது, மூட்டைமேல் தலை சாய்ந்துவிட்டது.

"அமிர்தம்! ஏய், அமிர்தம்! வெயிலு மூஞ்சிக்கு வருது பாரு, எழுந்திரு" என்று வேலாயுதம் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"ஏன்டா எழுப்பறே?" என்று நைனா அதட்டினார். ஈரத்தோலைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் தோள்துண்டை உதறிக் கண்மேல் வெயில் படாமல் மூடினார். "யார் பெத்த பொண்ணோ. தூங்கி எத்தினி நாளாச்சோ, பாவம். கெடக்கட்டும் வுடு. இருக்கிற வேலையை நான் பார்த்துக்கறேன்."

அமிர்தத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. துண்டுக்குள் கண்ணீர் ஓடிப் பட்டை மூட்டையில் இறங்கியது. எழுந்து, உன் பொண்ணு நான்தான், நைனா என்று சொல்லலாம். சொன்னால் அவருக்குப் புரியாது, அவளும் மறுபடி மகளாகி வேலை பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் பதினொரு தோல் எடுக்க வேண்டும், பன்னிரண்டு போட வேண்டும். அதுவரைக்கும் நேரம் இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமல் அப்படியே படுத்திருந்தாள்.